ஐந்தாவது வரி

யுத்த காலத்தில் வாவிக்கரையில் இருந்த எங்கள் வாசிகசாலையைத் தினமும் திறந்து மூடியவர் ஒரு பெரியவர். சாறன், கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, வெண்கட்டி அப்பிய விரல்கள். பேப்பர் வராத நாளிலும் வாசல் கரும்பலகையில் ‘வரலாற்றில் இன்று’ என்று தலைப்பிட்டு ஐந்து செய்திகள் எழுதிவிடுவார். யாரோ ஒரு மன்னன் முடிசூடியிருப்பான், எங்கோ ஒரு கப்பல் மூழ்கியிருக்கும். தோணித் துறைக்குப் போகிறவர்கள் நின்று வாசித்துவிட்டு, சோதனைச் சாவடி வரிசையில் போய்ச் சேர்வார்கள். நானும் அப்படித்தான்.

ஒருநாள் நான்கு செய்திகள்தான் இருந்தன. ஐந்து என்று இலக்கம் போட்டு, எதிரே வெறுமையாக விட்டிருந்தார். மறந்துவிட்டார் என்று நினைத்து, பலகையடியில் கிடந்த வெண்கட்டியை எடுத்து, அதே திகதியில் நடந்ததாக எனக்கு ஞாபகம் இருந்த ஒரு பூகம்பத்தை எழுதி வைத்தேன்.

அவர் வெளியே வந்து பார்த்தார். கோபிக்கவில்லை. சாறன் நுனியால் நான் எழுதியதை மட்டும் துடைத்தார். இலக்கத்தை அப்படியே விட்டுவிட்டார்.

“ஏன் ஐயா, பிழையா?”

“பிழை இல்ல தம்பி. அது என்ட மகன்ட இடம். போன வருசம் இதே நாள்தான் ஆமி சுத்திவளைப்புல கூட்டிப் போனாங்க.”

“அப்ப அதை எழுதுங்களன்.”

“முடிஞ்சதைத்தானே தம்பி இதில எழுதுற” என்றார், பஸ் நேரம் சொல்வதுபோல.

அடுத்த வருடமும் அதே நாளில் ஐந்துக்கு எதிரே ஒன்றும் இல்லை. அதையும் வாசித்துவிட்டு, நான் வரிசையில் போய் நின்றேன்.