சுவர்த் துளையில் ஒரு கை

கதை தொடங்கும் முன் அக்கா வலது கையுறையைக் கழற்றி மடியில் வைப்பார். காரில் ஹீட்டர் இன்னும் சூடேறியிருக்காது. முன்னால் பனி வாரும் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும். ஆனாலும் வெறுங்கை அசையாமல் அவருக்குக் கதை வராது.

எங்கள் வீடுகள் இருந்த டொலார்டிலிருந்து அலுவலகம் இருந்த புவாண்ட்-கிளேருக்கு நான் ஓட்டுவேன், அவர் பக்கத்தில் இருப்பார். ஒரே அலுவலகம்: நான் இயந்திரக் கோளாறுகளை ஆராயும் பிரிவில், அவர் கணக்குப் பிரிவில். நான் சென்னைக் குடும்பம், அவர் யாழ்ப்பாணம். அந்தக் குளிர்காலத்தில் அவர் மாலை நேரப் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். பிரெஞ்சுக்காரரின் பழங்கதைகளை எளிய மொழியில் எழுதிய புத்தகம் ஒன்றை ஆசிரியை கொடுத்திருந்தார். கோட்டை, குதிரைவீரன், கணவனை ஏமாற்றும் சீமாட்டி. படித்ததை எனக்குத் தமிழில் சொல்லிப் பார்ப்பார். அவர் வாயில் கோட்டைப் பிரபு ‘உடையார்’ ஆகிவிடுவார்.

தன் வீட்டுக் கதையை மட்டும் அவர் சொன்னதில்லை. அது கோயிலில் பலர் சொல்லி எனக்குத் தெரியும். அவர் கணவர் சில ஆண்டுகளாக நகரின் மறுகோடியில், செயின்ட்-மிஷேலில் வேறொரு பெண்ணோடு வாழ்ந்தார்; இப்போது திரும்பி வர விரும்பி உறவினர்களைத் தூது அனுப்பிக்கொண்டிருந்தார். பொங்கலுக்குள் அக்கா பதில் சொல்ல வேண்டும்.

அப்போது வந்த கதை இது. மனைவிமேல் சந்தேகம் கொண்ட பிரபு அவளை ஓர் அறையில் அடைத்து, சன்னலையும் கல் வைத்து மூடச் சொல்கிறான். கொத்தன் ஒரு கல்லை வைக்காமல் விடுகிறான். கை நுழையும் அளவு துளை. காதலன் இருட்டில் வந்து அவள் கையைப் பிடித்தபடி நிற்பான். அவ்வளவுதான் அவர்கள் உறவு. வேலைக்காரி சொல்லி அறிந்துகொண்ட பிரபு ஒருநாள் அவனை விரட்டிவிட்டு, அதே இடத்தில் நின்று தன் கையை உள்ளே நீட்டுகிறான்.

நான் தொழில் பழக்கத்தில் குற்றவாளிகளை வரிசைப்படுத்தினேன். மனைவி, காதலன், பிரபு, கல்லை விட்ட கொத்தன்.

“கொத்தனையும் விடமாட்டியோ? உனக்கு எல்லாம் மெஷின்தான், பிள்ளை. அப்ப காட்டிக்குடுத்த வேலைக்காரியையும் போடு.”

புத்தகத்தில் மனைவி அந்தக் கையைப் பிடித்து, காதலன் பெயரைச் சொல்லிவிடுகிறாள். பிரபு கத்தியை எடுக்கிறான். அக்கா இதைச் சொல்லிவிட்டு, பிழை என்பதுபோலத் தலையாட்டினார்.

“கட்டின மனுசன்ர கை அவளுக்குத் தெரியாதே? தொட்ட உடனை தெரிஞ்சிருக்கும். ஆனா அவள் வாய் திறந்திருக்க மாட்டாள்.”

“ஏன் அக்கா?”

“அந்தக் கை அதுக்கு முந்தி அவளை அவ்வளவு மெதுவா ஒருநாளும் பிடிச்சதில்லை. மற்றவன் மாதிரி நடிக்க வந்தவன் எல்லோ. அப்ப, அவனுக்கு அப்பிடிப் பிடிக்கத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு.” வெறுங்கையைப் புரட்டிப் பார்த்தார். “அதுக்கு என்ன பேர்? உன்ர வரிசையிலை அது எங்கை வரும்?”

சிக்னலில் பச்சை விழுந்திருந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்ததும் வண்டியை எடுத்தேன்.

பொங்கலுக்கு முன்பே கணவர் வீடு திரும்பிவிட்டார். அதன்பின் தினமும் அக்காவை அவரே அலுவலகத்தில் இறக்கிவிட்டார். பிறகு அக்கா வேறு வேலைக்குப் போய்விட்டார். இப்போது அந்தச் சாலையில் நான் தனியே போகிறேன். எந்தக் கோளாறுக்கும் மூலத்தைக் கண்டுபிடித்துவிடும் எனக்கு அந்தக் கேள்வி இன்னும் பக்கத்து இருக்கையில் இருப்பதுபோலவே தோன்றும். சில காலைகளில் வானொலியைப் போட்டுவிடுவேன்.

போன மாதம் முருகன் கோயிலில் இருவரையும் பார்த்தேன். பூசை முடிந்து உணவுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். கணவர் அக்காவுக்குத் தேநீர் கொண்டுவந்தார். கை சுடாமல் இருக்கக் காகிதக் கோப்பையைச் சுற்றித் துடைப்புத்தாளை மடித்து வைத்து, ஊதிக் கொடுத்துவிட்டு நண்பர்களிடம் போனார்.

“வீட்டிலையும் காலமைத் தேத்தண்ணி இவர்தான்,” என்றார் அக்கா. “இஞ்சி தட்டிப் போட்டு, சீனி குறைச்சு. முந்தி எங்கட வீட்டிலை தண்ணி சுடவைக்கிற கேத்தில் எங்கை இருக்கெண்டே இவருக்குத் தெரியாது. நான் இஞ்சி போடுறதும் இல்லை.”

அப்படியானால் அவர் இஞ்சி தட்டப் பழகியது வேறொரு சமையலறையில்.

“பிடிக்கலைன்னா சொல்லிடலாமே அக்கா.”

“பிடிக்கேல்லை எண்டு ஆர் சொன்னது? நல்லாத்தான் இருக்கு.” குரலைத் தாழ்த்தினார். “இதை ஆரிட்டைப் பழகினனீங்கள் எண்டு ஒருக்காக் கேட்டாப் போதும், பிள்ளை. பேந்து போடுறதையே நிப்பாட்டிப்போடுவார்.”

கூடத்தின் அந்தப் பக்கத்திலிருந்து அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தெரியும்படி அக்கா கோப்பையை உயர்த்தி, குடித்தார்.