சோற்றுக்குக் குறையில்லாத வீடு

நன்றாகச் சாப்பிடுகிறவர்களுக்குச் சத்து மாத்திரை எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். தங்கள் வீட்டில் யார் எப்போது சாப்பிடுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. என் அப்பாவுக்கும் தெரியாது.

எழுபதுகளில் பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே எங்களுக்கு வயல் இருந்தது. பத்தாயத்தில் நெல், கட்டுத்தரையில் எருமைகள், கொல்லையில் முருங்கை. வருகிறவர் யாராக இருந்தாலும் கை நனைக்காமல் போகவிடமாட்டார் அப்பா. அந்தப் பேர் அவருக்கு உயிர். முதலில் விருந்தாளிகள், அப்புறம் அப்பாவும் அண்ணனும், பிறகு நான், அதற்குப் பிறகு வேலைக்கு வந்தவர்கள், அவர்களுக்குப் பின்னால் அம்மா. இத்தனை பேரும் எழுந்த பிறகுதான் அண்ணி தட்டு எடுப்பாள். பொரியல் சட்டி வழித்துப் போயிருக்கும். குழம்பில் காய்த்துண்டுகள் இருக்காது. அடிச்சோற்றில் தண்ணி மோரை ஊற்றிப் பிசைந்துகொள்வாள். அதை யாரும் கொடுமை என்று நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை. வீட்டு முறை அப்படி.

அண்ணி முழுகாமல் இருந்தபோது அதுவும் குறைந்தது. நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்து, பிரசவம் சிக்கலாகிவிடும் என்று அம்மா நம்பினாள். முட்டை சூடு, கீரை குளிர்ச்சி, பால் பிள்ளையைப் பெருக்க வைக்கும். இப்படியே கழித்துக்கொண்டு வந்தால் கடைசியில் மிஞ்சியது சோறுதான்.

அண்ணி பச்சரிசியை மடியில் கட்டிக்கொண்டு மென்றுகொண்டே இருப்பாள். ஒருநாள் கட்டுத்தரைச் சுவரில் மண்ணைப் பெயர்த்துத் தின்றுகொண்டிருந்தாள். நான் பார்த்துவிட்டதும் வாயைத் துடைத்துக்கொண்டு, "மழ பேஞ்ச மண்ணு வாசம் அடிக்குது கண்ணு, நாக்கு கேக்குது. உங்கம்மாகிட்டச் சொல்லீராத" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஈறு வெளுத்திருந்தது.

ஆரோக்கிய மையத்துச் சிஸ்டர் வெயிலில் குடையோடு வீடு வீடாக வருவார். மலையாளம். எங்களுக்காகத் தமிழைக் கலந்து பேசுவார். அண்ணியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"ரத்தம் தீரே இல்லா. இது இரும்புக் குளிகை. திவசம் ஒண்ணு கழிக்கணும், கேட்டோ" என்று, தினம் ஒன்று விழுங்கச் சொல்லி ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார்.

முன்வாசலில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏனுங்க சிஸ்டர், பட்டினி கெடக்கற ஊடுன்னு நெனச்சுட்டீங்களா? பத்தாயம் நெறைய நெல்லு, கட்டுத்தர நெறைய எருமை. எங்க ஊட்டு மருமக சத்தில்லாமயா கெடக்கறா? இதையக் கொண்டுட்டுப் போயி இல்லாதவங்களுக்குக் குடுங்க."

சிஸ்டர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி தரையைப் பார்த்தாள். பொட்டலம் சிஸ்டரின் பைக்குள் திரும்பிப் போனது. அப்பா உள்ளே வந்து, கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்த டானிக்கை வழக்கம்போல ஒரு மூடி ஊற்றிக் குடித்தார். நெய்யும் தயிருமாக உண்டு எழுந்தவருக்கு அது எதற்கு என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

பிரசவம் வீட்டிலேயே நடந்தது. ஆண் பிள்ளை, சின்னதாக, ஆனால் நன்றாக அழுதது. அண்ணிக்கு ரத்தம் நிற்கவில்லை. கார் பிடித்துப் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கை கால் எல்லாம் சில்லிட்டிருந்தது. அங்கே அவள் போய்விட்டாள். இழந்த ரத்தம் அப்படியொன்றும் அதிகமில்லை, இழப்பதற்கு உடம்பில் முதலிலேயே இல்லை என்றார் டாக்டர். பிறகு அப்பாவிடம், "வீட்டில் சாப்பாட்டுக்குக் கஷ்டமா?" என்று கேட்டார்.

அப்பா அழுதார். அண்ணி போனதற்கு அழுதாரா, அந்தக் கேள்விக்கு அழுதாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஊருக்குத் திரும்பிய பிறகு போனவளைப் பற்றிப் பேசியதைவிட அந்த டாக்டரைத் திட்டியதுதான் அதிகம். எனக்கு அது ஆறவே இல்லை.

பிள்ளைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லி அண்ணனுக்கு மறுபடியும் கல்யாணம் செய்தார்கள். புது அண்ணியும் முழுகாமல் இருந்தாள். அதே சிஸ்டர் வந்தார், இந்த முறை கொல்லைப்புறமாக. அம்மா அவர் வாய் திறக்கும் முன்பே பொட்டலத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்று மத்தியானமே புது அண்ணியை அடுப்படி மூலைக்குக் கூப்பிட்டு, கையில் ஒரு மாத்திரையை வைத்தாள்.

"முழுங்கீரு கண்ணு. மாமன் காதுல உழுந்தறக் கூடாது."

அம்மா தானே சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். போனவளை அவள் மறக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. புது அண்ணி மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தாள்.

"செரி, எல போடு. ஆம்பளைங்க வந்துட்டாங்க" என்றாள் அம்மா.

அவள் இலை போட்டாள். எங்கள் எல்லோருக்கும் பரிமாறி முடித்து, சட்டியில் மிஞ்சியதை வழித்துப் போட்டுக்கொண்டு கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தாள்.