அண்ணையின் இரட்டைச் சுழி

வேலை போன பிறகுதான் ஒருவர் என்னிடம், "உனக்கு என்ன நன்றாகச் செய்ய வரும்?" என்று கேட்டார். டென்மார்க்குக்கு வந்து அத்தனை வருடங்களில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. எப்போது வந்தாய், ஏன் வந்தாய், எப்போது திரும்பிப் போவாய் என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. இதற்கு இருக்கவில்லை.

எங்கள் நாட்டில் யுத்தம் முடிந்துகொண்டிருந்த வருடம் அது. பிராண்டேயில் நான் வேலை செய்த சின்னத் தொழிற்சாலை காற்றாலைகளுக்குப் பாகங்கள் செய்து கொடுத்தது. வருடம் பிறந்த கையோடு ஆட்களைக் குறைத்தார்கள். "காற்று நிற்கவில்லை, காசுதான் நின்றுவிட்டது" என்று மேற்பார்வையாளர் பகிடி விட்டபடியே என் கையைக் குலுக்கி வழியனுப்பினார். அவருடைய பகிடிக்குச் சிரித்துவிட்டு வந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. பிறகு, வேலையில்லாதவர்களைப் பார்க்கும் அரசாங்க அலுவலகமான ஜொப்சென்டர் என்னை ஒரு வகுப்புக்கு அனுப்பியது. வேலை இழந்தவர்கள் சொந்தமாகச் சின்னத் தொழில் தொடங்குவது எப்படி என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவர் வகுப்பை நடத்திய டெனிஷ் பெண்மணி.

வட்டமாக உட்கார்ந்திருந்தோம். மற்ற எல்லோருக்கும் ஏதோ ஒன்று வந்தது. ஒருத்திக்கு நாய்களைப் பழக்க வரும். ஒருவருக்குப் பழைய மரத் தளபாடங்களைப் புதிதாக்க வரும். என் முறை வந்ததும், "ஒன்றும் வராது" என்றேன். தன்னடக்கத்தால் சொல்லவில்லை, எரிச்சலில் சொன்னேன். அந்தப் பெண்மணி விடவில்லை. "உன் ஆட்கள் உனக்கு எதற்காக ஃபோன் எடுக்கிறார்கள்? அதை யோசித்துவிட்டு அடுத்த கிழமை வந்து சொல்" என்றார்.

எங்கள் ஆட்களிடம் கேட்டிருந்தால் அடுத்த கிழமை வரை போக வேண்டியிருக்காது. தமிழன் தொழில் தொடங்குவதென்றால் ஒன்று பலசரக்குக் கடை, இல்லாவிட்டால் றோல்ஸும் வடையும் செய்து விற்பது. என்னிடம் கடை போடக் காசு இல்லை. சமையலைப் பற்றிப் பேசாமல் விடுவது நல்லது. நான் தனிக்கட்டை. என் சமையலை வேறு வழியில்லாமல்தான் நானே சாப்பிட்டு வந்தேன்.

வீட்டுக்குக் காரை ஓட்டிக்கொண்டு வரும்போது அந்தப் பெண்மணி சொன்னபடி யோசித்தேன். எனக்கு ஃபோன் எடுப்பவர்கள் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் எடுப்பார்கள். "அண்ணை, ஞாயிற்றுக்கிழமை நிக்கிறியளோ? தலை வளந்து காடாக் கிடக்கு." பிராண்டேயிலிருந்து ஸ்கீவ வரைக்கும் எத்தனை வீட்டுக் குசினிகளில் கதிரை போட்டு, கழுத்தில் பழைய சாரத் துணியைச் சுற்றி முடி வெட்டியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. கல்யாண மாப்பிள்ளைகளுக்கு வெட்டியிருக்கிறேன். நூல் போட்ட குருக்கள் ஒருவரின் பிள்ளைகளுக்கும் வெட்டியிருக்கிறேன். காசு வாங்கியதில்லை. தேத்தண்ணியும் சாப்பாடும் தருவார்கள். ஆளில்லாத வீட்டில் இருக்கிற எனக்கு அந்தச் சாப்பாடு பெரிதாகத்தான் இருந்தது. வெட்டி முடித்ததும் வீட்டுக்காரர் தலை முழுகப் போய்விடுவார். முடி வெட்டினால் முழுகாமல் வீட்டுக்குள் புழங்கக் கூடாதே. நான் உடுப்பெல்லாம் முடியோடு குசினியில் நின்று தேத்தண்ணி குடிப்பேன்.

இதை நான் ஊரில் படிக்கவில்லை. அகதிகளாக வந்து இறங்கிய புதிதில் எங்களை வைத்திருந்த முகாமில் படித்தது. கையில் தந்த காசில் டெனிஷ் சலூன் பக்கம் போக முடியாது. என் அண்ணை, எனக்கு மூத்தவர், என்னோடு சேர்ந்தே வந்தவர், முகாம் சமையலறைக் கத்தரிக்கோலை என்னிடம் தந்து, "வெட்டடா, நடக்கிறது நடக்கட்டும்" என்று குனிந்து உட்கார்ந்தார். நான் முதன்முதலாக வெட்டிய தலை அவருடையது. அவருக்குப் பின்னந்தலையில் இரட்டைச் சுழி. அந்த இடத்து முடி இரண்டு பக்கமும் முரண்டு பிடித்துக்கொண்டு நிற்கும். எந்தப் பக்கம் சீவி எவ்வளவு விட்டு வெட்டினால் அது படியும் என்று கண்டுபிடிக்க எனக்கு நெடுநாள் எடுத்தது. இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு பெண்சாதி என்று முகாமில் அவரைக் கேலி செய்வார்கள். அவருக்கு ஒன்று கிடைத்தது. ஒற்றைச் சுழிக்காரனான எனக்கு அதுவும் கிடைக்கவில்லை.

என் முடியை முன்பக்கம் கண்ணாடி பார்த்து நானே வெட்டிக்கொள்வேன். பின்பக்கத்துக்கு அண்ணைதான். படுமோசமாக வெட்டுவார். என் பிடரியில் படி கட்டி வைத்தது போல இருக்கும். தொழிற்சாலையில் சிரிப்பார்கள். ஆனாலும் வேறு யாரிடமும் நான் தலையைக் கொடுத்ததில்லை. அவர் பிரெடெரிசியாவில் வீடு வாங்கிக் குடும்பமாகிப் போன பிறகும், மாதம் ஒரு ஞாயிறு நான் அங்கே போவேன். நான் அவருக்கு வெட்டுவேன், அவர் எனக்குப் பிடரியைக் கொத்துவார், அண்ணி கணவாய்க் கறியோடு சோறு போடுவா. எனக்கு இந்த நாட்டில் குடும்பம் என்று இருந்தது அந்த ஞாயிறுதான்.

ஆகவே அடுத்த கிழமை வகுப்பில், "முடி வெட்ட வரும்" என்று சொன்னேன். பெண்மணி கையைத் தட்டினார். இந்த நாட்டில் அதற்குப் படித்த பத்திரம் கித்திரம் கட்டாயமில்லை, கை இருந்தால் போதும் என்றார். பிராண்டேயில் பூக்கடை ஒன்று மூடிக் கிடந்தது. வாடகையும் எனக்குத் தாங்கக் கூடியது. கோடைக்குள் முடிவைச் சொல்லும்படி பெண்மணி தவணை தந்தார். வருடக்கணக்காக எனக்கு இல்லாத சந்தோஷத்தோடு, அந்த ஞாயிறு அண்ணை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"என்ன கடை?" என்று கேட்டார் அண்ணை.

"முடி வெட்டுற கடை."

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அண்ணியின் கை நின்றுவிட்டது.

"உனக்கென்ன விசரே?"

"இவ்வளவு காலமும் வெட்டினனான்தானே அண்ணை. இப்பவும் உங்களுக்குத்தானே வெட்டிப்போட்டு இருக்கிறன்."

"அது உதவிக்குச் செய்யிறது. பேர்ப் பலகை போட்டுக் காசு வாங்கினால் அதுக்குப் பேர் வேறை. எங்கடை ஆக்கள் செய்யிற வேலையோ அது?"

அண்ணை வேலை செய்தது பன்றி வெட்டும் தொழிற்சாலையில். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. "நீங்கள் இவ்வளவு காலமும் பண்டி வெட்டுறியள். அது எங்கடை ஆக்கள் செய்யிற வேலையோ?"

"அது பக்டறி வேலை."

"இது?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "வீட்டிலை ஒரு குமர் நிக்குது. நாளைக்கு ஆரும் சம்பந்தம் கேட்டு வந்தால், சித்தப்பன் என்ன செய்யிறார் எண்டு கேப்பினம். நான் என்னத்தைச் சொல்ல?"

அந்தக் குமர், அண்ணையின் மகள், சோபாவிலிருந்து டெனிஷில், தன் வகுப்புச் சிநேகிதி ஒருத்தி முடி வெட்டத்தான் படிக்கப் போகிறாள், இதில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். "நீ உள்ளை போ" என்றார் அண்ணை. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "கடை திறக்கிறதெண்டால் திற. ஆனா இந்தப் படி ஏறாதை."

அன்று அவர் என் பிடரியை வெட்டவில்லை. முன்பக்கம் வெட்டியும் பின்பக்கம் வெட்டாமலும் நான் காரில் ஏறினேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஃபோன் வரவில்லை. கடை போடப் போகிறேன் என்ற கதை பரவியதால் மட்டுமில்லை. வன்னியில் நடந்துகொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த மாதங்களில் யாருக்கும் தலைமுடி ஒரு பொருட்டாக இருக்கவில்லை. யுத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கொப்பன்ஹேகனில் நடந்த பேரணிக்குப் போய் நின்றபோது பார்த்தேன். அத்தனை ஆண்களும் காது மூடி, கழுத்து மூடி முடி வளர்ந்துபோய் நின்றார்கள். எல்லாம் என் கைபட்ட தலைகள். யாரும் என்னோடு நின்று கதைக்கவில்லை. சவரம் செய்யாத முகங்களோடு அவரவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்களைப் பெற்ற ஐயா வன்னியில்தான் இருந்தார். அம்மா செத்த பிறகும் காணியை விட்டு வரமாட்டேன் என்று நின்றவர், கடைசியில் சனத்தோடு சனமாகக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார் என்பதுவரை தெரியும். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. அண்ணை வீட்டில் சேர்ந்திருந்து பயப்பட ஆட்கள் இருந்தார்கள். நான் தனியே பயந்தேன். வசந்த காலத்து வெயில் அடித்துக்கொண்டேயிருந்தது. வெளிச்சத்தைப் பார்க்கவே வெறுப்பாக இருந்ததால் ஜன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்துச் சில வாரங்களுக்குப் பின் அண்ணை ஃபோன் எடுத்தார். எங்கள் சண்டைக்குப் பிறகு முதல் தரம் அவர் குரலைக் கேட்டேன்.

"ஐயா செத்துப்போட்டாராம். அங்கை முகாமிலை இருக்கிற ஒரு ஆள் சொன்னது. பங்கருக்குப் பக்கத்திலை கிடங்கு வெட்டித் தாட்டவையாம்."

"எப்பவாம்?"

"நாள் தெரியாதாம்."

இரண்டு பேரும் அழுதோம். ஃபோனை வைக்காமலே அழுதோம். நாள் தெரியாததால் குருக்கள் அமாவாசையைக் குறித்துத் தந்தார் என்றும், பிரெடெரிசியாக் கடற்கரையில் கிரியை என்றும் கடைசியில் சொன்னார். "வா" என்றார். நான் "ஓம்" என்றேன்.

தகப்பனுக்கு மூத்த மகன்தான் கடமை செய்ய வேண்டும். அதற்கு அண்ணை தலையும் மீசையும் மழிக்க வேண்டும். ஊரென்றால் அதற்கு ஆள் வருவார். இங்கே யார்? டெனிஷ் சலூனில் போய், என் தகப்பன் செத்துவிட்டார், மழித்து விடுங்கள் என்று அண்ணை சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். என்னைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் கடையை விட்டுவிடுவது என்று நான் எனக்குள்ளே முடிவு செய்தேன். டாக்சி ஓட்டலாம், கிழவர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போகலாம், எதுவும் செய்யலாம். ஒரு வார்த்தை, "வந்து வழிச்சு விடடா" என்று அவர் சொன்னால் போதும். அமாவாசை வரும்வரை கைபேசியைக் குளியலறைக்குள்ளும் கொண்டுபோனேன். அவர் எடுக்கவில்லை. அமாவாசையன்று காலை இரண்டு கண்ணாடிகளை வைத்து என் தலையை நானே மழித்துக்கொண்டு, கத்தி, கிண்ணம், சவர்க்காரம் எல்லாவற்றையும் பையில் போட்டுக் காரில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். அங்கே போன பிறகாவது கேட்பார் என்று ஒரு நப்பாசை.

கடற்கரையில் அண்ணை ஏற்கெனவே மழித்திருந்தார். தன் கையாலேயே, குளியலறையில், கடையில் விற்கும் மலிவு சவரக்கத்தியால். தலையெல்லாம் வெட்டுக் காயம். காதுக்கு மேலே ஒரு பிளாஸ்டர். பின்னந்தலையில், அந்த இரட்டைச் சுழியைச் சுற்றி, கண் எட்டாத இடத்தில் கொத்தாக முடி மிஞ்சிக் கிடந்தது. அந்தச் சுழியில் கத்தியை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று உலகத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் பின்னால் நின்றான்.

வந்திருந்த ஒருவர் என் தலையைப் பார்த்து, "உமக்கு ஆர் வழிச்சது? வடிவாயிருக்கு" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். அண்ணைக்குக் கேட்டிருக்கும். அவர் திரும்பவில்லை.

குருக்கள் தர்ப்பைப் புல்லால் ஐயாவைச் செய்தார். உடம்பு கிடைக்காதவர்களுக்கு அப்படித்தான். எவ்வளவு சின்ன ஐயா! நான் ஐயாவைப் பார்த்து அழ வேண்டிய நேரத்தில் அண்ணையின் பின்னந்தலையைப் பார்த்து அழுதேன். அந்தக் காயங்களைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கடலில் முழுகப் போவதற்கு முன் அவருக்குக் கிட்டப் போய் மெதுவாகச் சொன்னேன்.

"அண்ணை, பின்னுக்குக் கொஞ்சம் கிடக்கு. கத்தி கொண்டு வந்தனான். ரெண்டு இழுவைதான்."

அவர் கையைப் பின்னால் கொண்டுபோய் அந்த முடியைத் தொட்டுப் பார்த்தார். விரல் அதிலேயே கொஞ்ச நேரம் நின்றது.

"கிடக்கட்டும்" என்றார்.

அப்படியே தண்ணீருக்குள் இறங்கினார். அது மானத்துக்காகச் சொன்னதா, இத்தனை பேர் முன்னால் தன் தம்பி அந்த வேலையைச் செய்யக் கூடாது என்று என் மேல் உள்ள பாசத்தில் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். எதுவானாலும் எனக்கு வலித்தது ஒரே மாதிரித்தான்.

அடுத்த கிழமை ஜொப்சென்டருக்குப் போய்ப் பூக்கடையை எடுக்கிறேன் என்று சொன்னேன். கடை இன்றும் நடக்கிறது. முதலில் டெனிஷ் கிழவர்கள் வந்தார்கள், பிறகு எங்கள் ஆட்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். இப்போது காசு தந்துவிட்டு, வீட்டுக்குப் போய் முழுகுகிறார்கள். அண்ணையின் மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டினாள். சித்தப்பன் என்ன செய்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணை மட்டும் வரவில்லை. அவர் பிரெடெரிசியாவில் ஒரு சலூனுக்குப் போகிறாராம். கல்யாண வீடுகளில் நான் அவருக்குப் பின் வரிசையில்தான் உட்காருவேன். சுழியின் போக்குத் தெரியாமல் வெட்டியிருப்பார்கள், முடி இரண்டு பக்கமும் முரண்டு பிடித்துக்கொண்டு நிற்கும்.

கடைக்கு வருகிறவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு பகிடி உண்டு. ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிறவனின் தலை மொட்டை. விளம்பரத்துக்காகவாவது கொஞ்சம் வளர்க்கக் கூடாதா என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன், செலவு மிச்சம் என்று சொல்வேன். அந்த அமாவாசைக்குப் பிறகு நான் முடி வளர்க்கவில்லை. வளர்த்தால் முன்பக்கத்தை நானே வெட்டிக்கொள்வேன். பின்பக்கத்தை வெட்ட எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.