வாங்காமல் விட்ட துவக்கு

கண்ணாடி மேசையில் விரித்திருந்த பச்சைத் துணியின் மேல் இரண்டு துவக்குகள் அருகருகே கிடந்தன. ஒன்றின் உடல் வால்நட் மரம். தேன் நிறத்தில் அதன் ரேகைகள் நீளமாக ஓடின. மற்றது முழுக்கக் கறுப்புப் பிளாஸ்டிக். தாடி வைத்த கடைக்காரர் முதலில் மரத் துவக்கை எடுத்து, குண்டை உள்ளே தள்ளும் அந்தப் பக்கவாட்டு இரும்புப் பிடியைப் பின்னால் இழுத்து முன்னே தள்ளிக் காட்டினார். எண்ணெயில் வழுக்குவதுபோல் அது ஓசையில்லாமல் போய்ப் பொருந்தியது. பிறகு கறுப்பை எடுத்து அதையே செய்தார். இரும்பில் இரும்பு உரசி, கடைசியில் "டக்" என்றது. யாழ்ப்பாணத்தில் சோதனைச் சாவடிகளைக் கடந்து பள்ளிக்கூடம் போன எனக்கு அந்த ஒலியில் முதுகு சில்லிட்டது. பக்கத்தில் நின்ற அங்கிளின் முகத்திலோ, பிறந்த குழந்தையை முதல்முறை பார்க்க வந்தவரின் சிரிப்பு.

அது இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு. மாணவியாக மெல்பேர்னுக்கு வந்து, படிப்பை முடித்து, ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கிள் அங்கே சூப்பர்வைசர். மலேசியாவில் ஈப்போ பக்கத்தவர். எனக்கு வீடு தேடித் தருவதாகச் சொன்னவர், கடைசியில் பொயிண்ட் குக் என்ற புறநகரில் இருந்த தன் வீட்டின் பின்னறையையே வாடகைக்குத் தந்துவிட்டார். மகன் பேர்த் நகரில் வேலையாகிப் போன பிறகு அந்த வீட்டில் அவரும் அவர் மனைவி அன்ரியும் மட்டும்தான். தொழிற்சாலை நண்பர்களோடு மலைக்குப் போய் மான் வேட்டையாடும் பழக்கம் அவருக்குப் பல வருடங்களாக இருந்தது. லைசென்ஸ் இருந்தும் சொந்தத் துவக்கு இல்லை. நண்பர் ஒருவருடையதைத்தான் முறைப்படி இரவல் வாங்கிக்கொண்டு போவார். அந்த நண்பர் குவீன்ஸ்லாந்துக்குக் குடிபெயர்ந்ததும் பிரச்சினை வந்தது.

என்னைக் கடைக்கு அனுப்பியது அன்ரி. "நீயும் கூடப் போ மா. ஆளு ஆசைப்பட்டா கண்ணு தெரியாது" என்றார். "எனக்குத் துவக்கைப் பற்றி ஒண்டும் தெரியாது, அன்ரி" என்று சொல்லிப் பார்த்தேன். "தெரியாதவங்கதான் போகணும். தெரிஞ்சவங்க எல்லாம் வாங்குன்னு சொல்லிருவாங்க." அங்கிளோடு காரில் ஏறினேன்.

மர உடல் கொண்டது ஐரோப்பாவில் செய்தது. அதன் விலைக்குக் கறுப்பில் மூன்று வாங்கலாம். கடைக்காரர் எதையும் தலையில் கட்டப் பார்க்கவில்லை. இரண்டுமே நேராகச் சுடும் என்றார். விலை கூடியதைக் கையில் எடுத்தால் வைக்க மனம் வராது, மற்றதை மழையில் நனைத்தாலும் கவலை வராது, அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். அங்கிள் மரத் துவக்கைத் தோளில் வைத்துச் சுவரின் மூலையைக் குறிபார்த்தார். இறக்கினார். மறுபடியும் வைத்தார். காரில் திரும்பும்போதுதான் வாய் திறந்தார்.

"இந்த நாட்டுக்கு வந்ததுல இருந்து எல்லாமே ரெண்டாந்தரம்தான் மா. கார் பழசு. சோபா யாரோ வித்தது. சட்டை கூட சேல்ல வந்தாதான். ஒன்னே ஒன்னு, நல்லதா, புதுசா, எனக்குன்னு வாங்கணும்னு தோணுது. தப்பா?"

"தப்பில்லை, அங்கிள்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். எனக்குத் துவக்கு பிடிக்காது. ஆனால் அவருடைய ஆசை எனக்கு விளங்கியது. பதினெட்டு வயதில் கடன்பட்டு வாங்கிய ஒரு சேலையை நானும் இப்படித்தான் தடவிப் பார்த்திருக்கிறேன்.

அன்றிரவுச் சாப்பாட்டின்போது அவர் அன்ரியிடம் விஷயத்தைச் சொன்னார். அன்ரி கத்துவார் என்று நினைத்துத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கத்தவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டே, "எதையாச்சும் வாங்குங்க. விலையப் பத்தி நான் பேசல" என்றார். பிறகு கரண்டியைக் கீழே வைத்தார். "மான சுடுறதுக்கு ஒன்னு வாங்குறீங்க, சரி. ஆளு திரும்பி வர்றதுக்கு என்னா வாங்கப் போறீங்க?"

அங்கிள் வேட்டைக்குப் போகும் மலைகளில் தொலைபேசி வேலை செய்யாது. சனி விடிய முன் புறப்படுவார். ஞாயிறு மாலை கார் வாசலில் வந்து நிற்கும்வரை வீட்டில் எந்தத் தகவலும் இருக்காது. அந்த இரண்டு நாளும் அன்ரி வீட்டைத் துடைத்துக்கொண்டே இருப்பார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கிள் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. அவர்தான் வீட்டில் இருப்பதில்லையே.

அடுத்த கிழமை மறுபடியும் கடைக்குப் போனோம். அங்கிள் மரத் துவக்கை இன்னொரு தடவை கேட்டு வாங்கினார். அந்த இரும்புப் பிடியை மெதுவாக இழுத்துத் தள்ளினார். உள்ளங்கையால் மரத்தை ஒருமுறை தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கறுப்பு போதும்" என்றார். மிச்சப்பட்ட பணத்தில் வழுக்காத மலைச் சப்பாத்து ஒரு சோடியும், கைக்குள் அடங்கும் மஞ்சள் பெட்டி ஒன்றும் வாங்கினார். ஆபத்து நேர்ந்தால் அந்தப் பெட்டியின் அன்டெனாவை நிமிர்த்திப் பொத்தானை அழுத்த வேண்டும். வானில் சுற்றும் செய்மதி வழியாக ஆள் இருக்கும் இடம் மீட்புப் பிரிவுக்குத் தெரிந்துவிடும். பெட்டியைப் பதிவு செய்யும்போது வீட்டுத் தொடர்புக்கு அன்ரியின் எண்ணோடு என்னுடையதையும் கொடுத்தோம். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் அன்ரி எடுக்க மாட்டார்.

பொலிஸ் அனுமதி கிடைத்துத் துவக்கு வீட்டுக்கு வந்த அன்று எனக்குப் பசி எடுக்கவில்லை. அங்கிள் அதைக் கவனித்திருக்க வேண்டும். என்னைக் கராஜுக்குக் கூப்பிட்டார். கொங்கிறீட் சுவரோடு முடுக்கியிருந்த இரும்பு அலமாரியைத் திறந்து, துவக்கு வெறுமையாக இருப்பதைக் காட்டினார். இரும்புப் பிடியைத் தனியே கழற்றினார். குண்டுகளை வேறொரு பெட்டியில் வைத்துப் பூட்டினார். "இப்ப இது வெறும் கம்பி மா. சாவி என்கிட்ட மட்டும்தான்." என் வாழ்நாளில் ஒரு துவக்கு பூட்டப்படுவதை அன்றுதான் பார்த்தேன். நான் கண்டவை எல்லாம் யாரோ ஒருவரின் கையில், யாரையோ நோக்கித்தான் இருந்தன. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த வருடக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை. வழமையாகக் கூடப் போகும் நண்பருக்குக் காய்ச்சல் என்பதால் அங்கிள் தனியாகப் போயிருந்தார். எனக்கு வேலை நாள். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது தொலைபேசி அடித்தது. தெரியாத எண். மீட்புப் பிரிவிலிருந்து ஒருவர் பேசினார். மஞ்சள் பெட்டியின் எச்சரிக்கை வந்திருக்கிறது, அதன் சொந்தக்காரர் இப்போது மலையில் இருக்கிறாரா, எத்தனை பேர் போனார்கள், அவருக்கு நோய் ஏதும் உண்டா என்று ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் கேட்டார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார், தனியாகத்தான் போனார் என்றேன். என் குரலே வேறு யாருடையதோ போல் என் காதுக்குக் கேட்டது.

இரண்டாயிரத்து ஒன்பதில், ஊரில் சண்டை முடிந்த மாதங்களில், எனக்கு இப்படித் தெரியாத எண்களிலிருந்து அழைப்புகள் வந்தன. மாமா ஒருவரைப் பற்றி, மச்சாள் ஒருத்தியைப் பற்றி, கூடப் படித்தவர்களைப் பற்றி. பேசியவர்கள் எல்லாரும் மெதுவாகத்தான் பேசினார்கள். அந்த அழைப்புகளில் ஒன்றுகூட நல்ல சேதி கொண்டு வரவில்லை. அதனால் சனிக்கிழமை பேசிய அந்த மனிதரின் நிதானமே எனக்குப் பயமாக இருந்தது.

விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அன்ரி குசினியில் அடுப்படி நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"என்னா மா? சீக்கிரமா வந்துட்ட?"

"அங்கிள் பெட்டியை அமத்தியிருக்கிறார், அன்ரி. ஹெலிகொப்டர் போகுதாம்."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். ஈரத்துணியைக் கையிலிருந்து விடவில்லை. "அழுத்துனாருன்னா… கை வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?" என்றார். எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. "ஓம் அன்ரி, ஓம்" என்று அவருக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தேன். கையில் உயிர் இருக்கிறது, புத்தி வேலை செய்கிறது. அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டு இருவரும் காத்திருந்தோம். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தது. மலையில் முகில் இறங்கியிருந்தால் ஹெலிகொப்டர் கிட்டப் போகாது என்பது இருவருக்கும் தெரியும்.

பொழுது சாய்வதற்குள் மறுபடியும் அழைப்பு வந்தது. ஆளை மேலே தூக்கிவிட்டார்கள், கால் முறிந்திருக்கிறது, நினைவோடு பேசுகிறார், மெல்பேர்ன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் சொன்னார். தொலைபேசியை அன்ரியின் காதில் வைத்து, மூன்றாம் தடவையும் சொல்லச் சொன்னேன். அவர் அலுத்துக்கொள்ளாமல் சொன்னார். அன்ரி அவருக்கு நன்றி சொல்ல வாயெடுத்தார், வந்தது அழுகைதான்.

ஆஸ்பத்திரியில் அங்கிள் காலில் கட்டோடு, கன்னத்தில் கீறலோடு படுத்திருந்தார். எங்களைக் கண்டதும் குழந்தைபோல் விழித்தார். ஈரப் பாறையில் வழுக்கிப் பள்ளத்துக்குள் உருண்டிருக்கிறார். உருளும்போது துவக்கைக் கைவிட்டுவிட்டு ஒரு செடியின் வேரை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். அதற்குக் கீழே செங்குத்தாக இறங்கும் ஓடை.

"சட்டுனு விட்டுட்டேன் மா, யோசிக்கவே இல்ல" என்று என்னிடம் சொன்னார். "அந்த மரத் துப்பாக்கியா இருந்திருந்தா விட்டிருப்பேனான்னு தெரியல. ஒரு கைய அதுக்குக் குடுத்திருப்பேன்."

அன்ரி அவருடைய நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். "பேசாம இருங்க" என்றார். கையை எடுக்கவில்லை.

கறுப்புத் துவக்கை மீட்புக்குப் போனவர்கள் எடுத்துப் பொலிஸில் ஒப்படைத்திருந்தார்கள். கால் தேறியதும் அங்கிள் அதைத் திரும்ப வாங்கினார். இப்போதும் வேட்டைக்குப் போகிறார், ஆனால் தனியாக ஒருநாளும் இல்லை. எனக்குக் கல்யாணமாகி வேறு வீட்டுக்கு வந்துவிட்டேன். எத்தனையோ சனிக்கிழமைகள் போய்விட்டன. அந்த ஒரு சனிக்கிழமை மாலையை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் நெஞ்சு லேசாகிவிடுகிறது.

அன்றிரவு நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பெற்றோல் நிலையம் ஒன்றில் காரை நிறுத்தச் சொன்னார் அன்ரி. கடைச் சாப்பாட்டைத் தொடாதவர், ஒரு பெரிய பொட்டலம் சூடான சிப்ஸோடு திரும்பி வந்தார். மதியத்திலிருந்து இருவரும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காருக்குள்ளேயே, உப்பு ஒட்டிய விரல்களோடு, முழுவதையும் தின்று முடித்தோம். அன்ரி கையைத் துடைத்துக்கொண்டு இருக்கைப் பட்டியை மாட்டினார்.

"நாளைக்கு அவருக்கு என்னா சமைக்கலாம்?" என்று கேட்டார்.