பன்னிரண்டு புள்ளி

கனகலட்சுமி அக்காவை நினைத்தாலே எனக்கு முதலில் வாயூறும். சங்கரன்கோவிலில் எங்கள் தெருக்காரர்கள் தின்கிற மோர் மிளகாய், சீனியவரை வத்தல், கூழ் வத்தல் எல்லாம் அவள் வீட்டு மாடியில் காய்ந்தவைதான். மாடியின் நடுப்பகுதி இருபது வருடமாக அவளுடையது. காலையிலிருந்து சாயங்காலம் வரை நிழலே விழாத இடம். அங்கே செருப்போடு நடந்தால் ஏச்சு தெருமுனை வரை கேட்கும். பறந்து போன என் லுங்கியை எடுக்கப் போய் நானே வாங்கியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரன், வயது நாற்பது என்ற மரியாதையெல்லாம் கிடைக்கவில்லை.

அந்த இடத்துக்குத்தான் சோலார் பேனல் வந்தது. அவள் கணவர் பாண்டியராஜன் வீட்டுக்குப் பின்னால் விசைத்தறி ஓட்டுகிறவர். கரண்ட் பில் வந்த அன்று யாரிடமும் பேசமாட்டார். கடையநல்லூரிலிருந்து பாதுஷா என்ற இஞ்சினியரை வரவழைத்தார். அவன் மாடியை மூலைக்கு மூலை அளந்தான்.

“நடுவுல வெச்சா வேல சுளுவு அண்ணாச்சி. ஓரத்துலயும் வெக்கலாம், வயர் கூட ஓடும்.”

“நடுவுல வத்தல் காயுது” என்றாள் அக்கா.

“ஏட்டி, வெயிலு என்ன ஒங்க அப்பன் வீட்டுச் சீதனமா?” என்று பாண்டியராஜன் கத்தினார்.

“ஆமா. ஒங்க வீட்டுல என்னத்தக் குடுத்து அனுப்புனாங்கன்னு தெனம் கேக்குதீங்கள்லா, இத வெச்சுக்கிடுங்க.”

வாயில் ஜெயித்தாள், இடத்தில் தோற்றாள். உடைந்த தறிச் சாமான்கள் கீழே இறங்கின. கசிந்த விரிசல்களில் சிமெண்ட் பூசினார்கள். துணிக்கொடியை அவிழ்த்தார்கள். வியாழக்கிழமை பாதுஷா நடு மாடியில் சாக்பீஸால் பன்னிரண்டு புள்ளி வைத்தான்.

“புள்ளி இருக்க எடத்துல எல்லாம் கொத்தனாரு திண்டு கட்டுவாரு. பேனல் காலு அதுலதான் நிக்கும். அழிச்சிராதீங்கக்கா.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. வீடு கழுவுகிற நாள். அக்கா பழக்க தோஷத்தில் மாடியையும் சேர்த்துக் கழுவிவிட்டாள். பிறகுதான் உறைத்தது. கைப்பிடிச் சுவருக்கு ஓடிவந்து என்னைக் கூப்பிட்டாள்.

“மக்கா, புள்ளி போச்சு! எங்கன எங்கன இருந்துச்சு?”

“பன்னெண்டு இருந்துச்சுக்கா. எடம் தெரியல. பாதுஷாவுக்குப் போன் போடுவமா?”

“போட்டா இவுகளுக்குத் தெரிஞ்சிரும். வேணும்னே அழிச்சேம்பாக.”

கோலப்பொடி டப்பாவை எடுத்து வந்து உட்கார்ந்தாள். அங்கேதான் தப்பு நடந்தது. கரிவலம்வந்தநல்லூரில் மார்கழிக்கு மார்கழி தெரு அடைத்துக் கோலம் போட்டு வளர்ந்தவள். கோலப்பொடியைத் தொட்டதும் கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. கிழக்கு ஓரத்தில் ஆறு புள்ளி, மேற்கு ஓரத்தில் ஆறு புள்ளி, நடுவில் தாமரைக்கு இடம் என்று வைத்துவிட்டது.

“இப்படித்தானல?”

“இப்படியேதான்” என்றேன். எனக்கு எதற்கு இந்த வேலை?

சனிக்கிழமை கொத்தனார் வந்து புள்ளிக்கு ஒரு திண்டாகக் கட்டி முடித்தார். திங்கட்கிழமை பாதுஷா மாடியேறிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான்.

“அண்ணாச்சி! யாரு புள்ளிய மாத்துனது?”

பாண்டியராஜன் திண்டுகளைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். ரேஷன் கடையையே நடுங்க வைக்கிற பொம்பளை, முந்தானையைத் திருகிக்கொண்டு கண்ணில் நீர் முட்ட நின்றாள். நான்தான் காரணம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“நாந்தாம்ப்பா மாத்தச் சொன்னேன்” என்றார் பாண்டியராஜன். “நடுவுல வத்தல் காயணும்லா. ஓரத்துலயே மாட்டிரு.”

பாதுஷா பெருமூச்சு விட்டு மறுபடியும் டேப்பை எடுத்தான். அவர் யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

“அப்போ அன்னைக்கு எதுக்கு அம்புட்டுச் சத்தம் போட்டீங்க?”