தலை சாய்ந்த இடம்

பெயின்டருக்குக் கை சும்மா இருந்தால் ஆகாது. அதுதான் வினையாகப் போயிற்று.

மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்கள் உடலைக்கூடத் திருப்பிக் கொண்டுவரவில்லை. அவருக்கும் அதே காய்ச்சல் என்று சொல்லி, மூன்று வாரம் வாசலைத் தாண்டக் கூடாதென்று கதவில் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். முதல் நாள் காலை, கட்டிலுக்கு மேலே சுவரில் இருந்த எண்ணெய்க் கறை கண்ணில் பட்டது. உள்ளங்கை அகலம். அவள் சாய்ந்து உட்கார்ந்து பல வருஷமாகப் படிந்தது. "ஊர்ச் சுவரெல்லாம் கண்ணாடி மாதிரி பண்றீங்க, நம்ம சுவரை மட்டும் என் தலைக்கு விட்டுட்டீங்க" என்பாள்.

சுவரில் அழுக்கைக் கண்டால் அவர் கை மூளையைக் கேட்பதில்லை. உப்புத்தாளால் தேய்த்தார், மேடு பள்ளம் மறையப் பட்டி பூசினார், காய்ந்ததும் மறுபடி தேய்த்து வெள்ளை அடித்தார். வேலை சுத்தமாக வந்திருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தபோதுதான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து தினமும் ஓர் அட்டை. பெயின்ட் டப்பா வந்த பெட்டிகளைக் கிழித்து, பட்டி பூசி, அந்த இடத்தை அதில் கொண்டுவரப் பார்த்தார். நிறம் எளிதில் வந்தது. மேனிதான் வரவில்லை. நடுவில் வழவழப்பு, ஓரத்தில் மயிரிழைக் கீறல்கள், ஹேர்பின் உரசிய ஒரு சின்னப் பள்ளம். சீப்பால் இழுத்தார், துணியால் ஒற்றினார், கடைசியில் தன் தலையிலேயே எண்ணெய் வைத்து அழுத்திப் பார்த்தார். இரண்டு நரைமயிர் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

மகள் போனில் கேட்டாள். "இன்னைக்கு என்னப்பா பண்ணீங்க?"

"சுவர் பண்ணேன்மா."

"நாலு சுவர் பத்தலையா உங்களுக்கு?"

"அம்மா சாஞ்ச இடத்துல ஒரு பள்ளம் இருக்குமே, அது வலப்பக்கமா இடப்பக்கமா?"

"அதை அழிச்சிட்டீங்களா?"

"பட்டி பூசிட்டேன்."

"என்னப்பா நீங்க," என்றாள். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அட்டைகள் ஆளுக்கொரு தலைக்கறையோடு சுவரோரம் வரிசையாகச் சாய்ந்து நின்றன. அறைக்குள் நுழையும்போதெல்லாம், இவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் சற்றுமுன்தான் எழுந்து போன மாதிரி இருந்தது. அவர் வாசற்படியிலேயே கொஞ்சம் நின்று, இருமிவிட்டு உள்ளே போகப் பழகினார்.

பதினேழாம் நாள், சுவரின் வெள்ளையில் ஒரு மங்கல் தெரிந்தது. ஈரமோ என்று தடவினார். காய்ந்துதான் இருந்தது. மறுநாள் அது மஞ்சளாகி வட்டம் கட்டியது. எண்ணெய் ஊறிய சுவரை முதலில் வார்னிஷ் அடித்து அடைக்காவிட்டால் கறை மேலே ஏறிவரும். தொழிலுக்கு நேற்று வந்தவனுக்கும் தெரியும். இத்தனை வருஷத்தில் அவர் அதை மறந்தது இந்த ஒரு தடவைதான்.

"கறை திரும்ப வருதும்மா," என்றார் போனில்.

"வார்னிஷ் இருக்கா வீட்ல?" பெயின்டர் மகள் அல்லவா.

"இருக்கு."

"தொடாதீங்க."

அவர் கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். அந்த இடத்தை விட்டு, ஒரு தலை அளவு தள்ளி, சுவரில் சாய்ந்துகொண்டார்.