அயல்வீட்டுக் கிரஸ்தன்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் பட்டணத்துத் தமிழர்களுக்கு மகேந்திரராசாவைக் ‘கடைக்காரர்’ என்றால்தான் தெரியும். தன் வாழ்நாளில் அவர் ஒரு கடையும் வைத்திருந்ததில்லை. யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வருடக்கணக்காகக் கண்ணாடி பொருத்தியவர். டெனிஷ் தொலைக்காட்சித் தொடர்களில் இரண்டு மூன்று தடவை கடைக்காரராக வந்துபோனார், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து யாராவது, “கடைக்காரர், ஒரு சிகரெட் பெட்டி தாங்கோ” என்பார்கள். சிரிப்பார். வேறென்ன செய்வது.

நடிப்பு அவருக்கு ஐம்பத்து நான்கு வயதில் வந்தது. அதற்கு முன் பள்ளிக்கூட நாடகத்தில் வாயிற்காவலனாகக்கூட நின்றதில்லை. தொழிற்சாலையைப் போலந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வேலை தேடிக் கொடுக்கும் அலுவலகத்தில் ஒரு பெண், பட்டணத்து ஓரத்தில் இருக்கும் பழைய சிறைச்சாலையில் ஏதோ துப்பறியும் தொடர் எடுக்கிறார்கள், கைதிகளாக நிற்க ஆட்கள் வேண்டுமாம் என்றாள். வீட்டில் சும்மா இருந்து மனைவி பரமேஸ்வரியிடம் பேச்சு வாங்குவதைவிட அது மேல் என்று போனார்.

அங்கே வேலை என்று பார்த்தால் நிற்பதுதான். மற்றவர்கள் போனை நோண்டினார்கள், குளிர் என்று முறைப்பட்டார்கள், புகைக்கப் போய்த் திரும்பி வரவில்லை. மகேந்திரராசா நின்றார். தொழிற்சாலையில் ஓடும் பட்டியின் முன்னால் கண்ணாடிக்காகக் காத்து நின்று பழகிய உடம்பு அது. இரண்டாம் நாள் உதவி இயக்குநர் வந்து அவருக்கு ஒரு வசனம் கொடுத்தார். “அவன் இங்கே இல்லை.” அவ்வளவுதான். துப்பறிபவர் கேள்வி கேட்டதும் இவர் உடனே சொல்லவில்லை. அந்த ஆளை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, சொல்வதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னார். கமராவுக்குப் பின்னால் இருந்தவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து அதை இரண்டு தரம் நடித்துக் காட்டினார்.

“ஒரு வசனத்துக்கே இவ்வளவு புளுகம்?” என்றாள் பரமேஸ்வரி. ஆனால் அன்றைக்கு மீன்குழம்பு வைத்தாள்.

பிறகு கூப்பிடத் தொடங்கினார்கள். டாக்சி ஓட்டுநர், கூட்டித் துடைப்பவர், குப்பைத் தொட்டிக்குள் பிணத்தைக் கண்டு அலறுபவர், கடைக்காரர், மறுபடியும் கடைக்காரர். ஒரு படத்தில் துருக்கிக்காரன், இன்னொன்றில் ஈராக்கியன், வேறொன்றில் எந்த நாடு என்று எழுதியவருக்கே தெரியாது. ஒரு தொடரில் பிணவறைக்கு வந்து மகனின் உடலை அடையாளம் காட்டும் தகப்பனாக நடித்தார். அதில் அவருக்குப் பேச்சே இல்லை. துணியை விலக்கியதும் பையனின் சட்டைக் கொலரைச் சரிசெய்துவிட்டுத் திரும்பிப் போவார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

அவருக்கு இருந்த ஒரே தொல்லை அவருடைய டெனிஷ். தொழிற்சாலையில் அவருக்குப் பக்கத்தில் நின்றவன் பல்லெ என்ற, யூலாந்து நாட்டுப்புறத்துக்காரன். மகேந்திரராசா அந்த மொழியைப் படித்தது பாதி மொழிப் பள்ளியில், மீதி அவனிடம். கொப்பன்ஹேகன்காரர் ‘நான்’ என்பதற்கு ‘யாய்’ என்பார்கள். பல்லெ வெறும் ‘அ’ என்று முடித்துவிடுவான், இவரும் அப்படியே. இப்போது யூலாந்தின் இளசுகளே அப்படிப் பேசுவதில்லை. படப்பிடிப்பில் இவர் வாயைத் திறந்ததும் எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு இயக்குநர் வந்து தோளில் கை வைத்து, “கொஞ்சம் பிழையாகப் பேசுங்கள்” என்பார்.

“எவ்வளவு பிழையாக?” என்று ஒருமுறை கேட்டார். பகிடி விடுகிறார் என்று நினைத்து அதற்கும் சிரித்தார்கள்.

அப்படிப் பிழையாகப் பேசிய தொடர் ஒன்று ஒளிபரப்பான அன்று பரமேஸ்வரி சோபாவில் இருந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். “இது ஆர் கதைக்கிறது? நீங்கள் வந்த புதிசிலைகூட இப்பிடிக் கதைக்கேல்லை.”

அவர் அடுத்த சானலுக்கு மாற்றினார்.

மகள் சுஜாந்தினி படித்து முடித்து, லண்டன் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு அங்கே போனவள். அவளுக்குக் குழந்தை பிறந்ததும் இருவரையும் வரச் சொன்னாள். மகேந்திரராசாவுக்கு அடுத்த கிழமை படப்பிடிப்பு. “நீர் முதல்ல போம், நான் இதை முடிச்சிட்டு வாறன்” என்றார். அதை முடித்தபோது இன்னொன்று வந்தது. மூன்று மாதத்துக்கென்று ஒரு பெட்டியோடு போன பரமேஸ்வரி திரும்பிவரும் திகதியைத் தள்ளிக்கொண்டே போனாள். இரண்டாவது பேரப்பிள்ளையும் பிறந்தான். அவள் வேலை செய்த முதியோர் இல்லத்தில் அவளுடைய இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். ஒருநாள் போனில், அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் தன் குளிர்ச் சப்பாத்துகளைப் பார்சலில் போட்டுவிடச் சொன்னாள். சப்பாத்துகளைத் தாளில் சுற்றும்போதுதான் மகேந்திரராசாவுக்கு விளங்கியது. சண்டை இல்லை, கோபம் இல்லை. அவள் அங்கே குடியிருக்கிறாள், இவர் இங்கே குடியிருக்கிறார்.

அதற்குப் பிறகு அந்த மூன்றாம் மாடி வீட்டில் சத்தம் என்று இருந்தது அவருடைய வசனம் மட்டும்தான். ஒரு வரி வேடமென்றாலும் முழுப் பிரதியையும் படிப்பார். இரண்டு நாளைக்கு ஒருமுறை சோறு வைப்பார். சில மாதங்கள் ஒரு அழைப்பும் வராது. அப்போது உடுப்புத் தோய்க்கக் கீழே பொதுச் சலவை அறைக்குப் போய், இயந்திரம் சுற்றி முடியும்வரை அங்கேயே இருப்பார். யாராவது வந்தால் காலநிலையைப் பற்றிக் கதைக்கலாம்.

ஓகூஸ் நகரிலிருந்து பிர்கிட்டெ என்ற நாடக இயக்குநர் கூப்பிட்டது அப்படியொரு மாதத்தில். பிணவறைத் தகப்பனைப் பார்த்திருந்தாளாம். ரயிலேறிப் போனார். அவள் முன்னால் அமர்ந்ததும், பழக்கதோஷத்தில், உடைத்து உடைத்துப் பேசத் தொடங்கினார்.

பிர்கிட்டெ கையை உயர்த்தி நிறுத்தினாள். “ஏன் இப்படிப் பேசுகிறீர்கள்? சற்று முன் வாசலில் இருந்த பெண்ணோடு வேறு மாதிரி அல்லவா பேசிக்கொண்டிருந்தீர்கள்?”

“உடைத்துப் பேசத்தான் சொல்வீர்கள் என்று நினைத்தேன்.”

“எனக்கு வாசலில் பேசிய ஆள் வேண்டும்” என்றாள்.

கொடுத்த வேடத்தின் பெயர் கிரஸ்தன். கடலோரக் கிராமத்தில் ஒரு கிழவர். அவர் பக்கத்து வீட்டுத் தம்பதியிடம் ஒவ்வொரு காட்சியிலும் எதையாவது இரவல் கேட்டு வருவார். ஏணி, உப்பு, பழைய பத்திரிகை. வந்தால் எழும்பமாட்டார்.

“இந்தக் கிரஸ்தன் எந்த நாட்டிலிருந்து வந்தவர்?” என்று மகேந்திரராசா கேட்டார்.

“எங்கிருந்தும் வரவில்லை. அந்தக் கிராமத்திலேயே பிறந்தவர்.”

அவள் ஏதோ மாறிச் சொல்கிறாள் என்று நினைத்து, ரயிலுக்குக் கிளம்பும்போது மறுபடியும் கேட்டார். அதே பதிலைச் சொன்னாள்.

கிரஸ்தனை அவர் பல்லெயிலிருந்து எடுத்தார். பல்லெ மனைவி செத்த பிறகு வெள்ளிக்கிழமைகளில் இவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். உறைப்புத் தாங்காமல் மூக்கைச் சீறிக்கொண்டே சாப்பிடுவான். போகும் நேரம் வந்ததும் தொடையில் தட்டி, ‘நோ’ என்பான். டெனிஷ்காரர் வாயில் அது ‘அப்ப சரி, வரட்டே’ என்பது போன்ற ஒன்று. சொல்லிவிட்டு இன்னும் ஒருமணி நேரம் இருப்பான். இரண்டு வருடத்துக்கு முன் புற்றுநோயில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

முதல் நாள் மேடைக் கதவைத் திறந்துகொண்டு மகேந்திரராசா உள்ளே வந்தபோது சபையில் ஒரு சலசலப்பு எழுந்தது. இந்தக் கறுத்த மனிதர் யார் என்று நாடகம் இப்போது சொல்லும் என எதிர்பார்த்தார்கள். நாடகம் சொல்லவில்லை. அவர் ஏணி கேட்டார். ‘அ’ என்று அவர் தன்னைச் சொன்னதும் பின்வரிசையில் ஒரு கிழவி விழுந்து விழுந்து சிரித்தாள். பத்திரிகை கேட்டு வந்தபோது கதவு தட்டும் சத்தத்துக்கே சிரித்தார்கள். கடைசியாக வரும்போது அவருக்குக் கேட்க ஒன்றும் இருக்காது. கதிரையில் உட்கார்வார். தொடையில் தட்டுவார். “நோ” என்பார். எழும்பமாட்டார். விளக்கு மெல்ல மெல்லக் குறையும். ஒருவரும் சிரிக்கவில்லை, இருமவும் இல்லை.

இதை யாராவது, தன்னைத் தெரிந்த யாராவது, பார்க்கவேண்டும் என்று மனம் கிடந்து அடித்தது. தமிழ்ச் சங்கத்துக் குணசேகரத்துக்குப் போன் எடுத்தார்.

“கடைக்காரன் வேசமோ அண்ணை?”

“இல்லை. டெனிஷ்காரன்.”

குணசேகரம் நன்றாகச் சிரித்தார். “சரி அண்ணை, டிவியிலை போட்டால் சொல்லுங்கோ, கட்டாயம் பாப்பம்.”

லண்டனுக்கும் எடுத்தார். மூத்த பேரனுக்குக் காய்ச்சல். சுஜாந்தினிக்கு லீவு இல்லை. “வீடியோ எடுத்து அனுப்புங்கோவன்” என்றாள் பரமேஸ்வரி. நாடகத்தை வீடியோ எடுக்க விடமாட்டார்கள் என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே பின்னால் குழந்தை வீரிட்டது, அவள் வைத்துவிட்டாள்.

நாடகம் முடிந்ததும் மற்ற நடிகர்களுக்காக மனைவி, புருஷன், சிநேகிதர் என்று யாராவது வாசலில் நிற்பார்கள். மகேந்திரராசா ஒப்பனையை மெதுவாகத் துடைப்பார். அவர்கள் எல்லாரும் போன பிறகு வெளியே வருவார்.

ஓகூஸ் பத்திரிகையொன்று அவரைப் பற்றி நல்லதாக இரண்டு வரி எழுதியது. நாடகம் குறித்த நாள்வரை ஓடி நின்றது. அடுத்து வந்த அழைப்பு டாக்சி ஓட்டுநர் வேடத்துக்கு. போனிலேயே சொன்னார். “செய்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்த டெனிஷில்தான் பேசுவேன்.”

மறுமுனையில் இருந்த பெண் தயங்கினாள். “நல்லதுதான். ஆனால் அது பார்ப்பவர்களைக் குழப்பிவிடும்.”

“அப்படியென்றால் வேறு ஆளைப் பாருங்கள்” என்றார். பார்த்தார்கள் போலும், அதற்குப் பிறகு அந்த வருடம் யாரும் கூப்பிடவில்லை.

கோடையில் பரமேஸ்வரிக்கு முழங்கால் ஆபரேஷன். மகேந்திரராசா லண்டனுக்குப் போனார். அந்தச் சின்ன வீட்டில் அவருக்கு முன்னறைச் சோபாவில் படுக்கை. பேரப்பிள்ளைகள் ‘அம்மப்பா’ என்று ஓடிவந்து கட்டிப்பிடித்துவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் தங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டு போய்விடுவார்கள். அவருடைய ஆங்கிலம் அவர்களைப் பிடிக்கும் வேகத்தில் இல்லை. மேசையில் சாப்பிடும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் கதைப்பார்கள். இவர் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கொடுப்பார்.

ஒருநாள் முற்பகல், எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருந்தார்கள். குசினியில் பரமேஸ்வரி காலை இன்னொரு கதிரையில் நீட்டிக்கொண்டு இருந்தாள். இவர் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார்.

“இஞ்சாருங்கோ,” என்றாள். “அந்த நாடகத்திலை என்னதான் செய்தனீங்கள்?”

“ஒண்டுமில்லை. ஒரு கிழவன். வந்து வந்து போறவன்.”

“செய்து காட்டுங்கோவன்.”

கத்தியை வைத்துவிட்டு வெளியே போய், கதவைத் தட்டினார். உள்ளே வந்து, உடனே போய்விடப்போகிறவர் போல் நின்று, ஏணி ஒன்று கிடைக்குமா என்று டெனிஷில் கேட்டார். பரமேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயோ, இது பல்லெ எல்லோ!”

அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். மழையைப் பற்றிச் சொன்னார். நாயைப் பற்றிச் சொன்னார். பரமேஸ்வரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளும் டெனிஷில், “கோப்பி போடட்டுமா?” என்று கேட்டாள். முதியோர் இல்லத்துக் கிழவிகளிடம் இருபது வருடம் பழகிய பேச்சு அது, இவருடையதைவிடப் பழசு. கோப்பி வேண்டாம் என்றார் கிரஸ்தன், ஆனால் போட்டால் குடிப்பேன் என்றார். அவள் தன் மாட்டைப் பற்றிச் சொன்னாள். இல்லாத மாட்டுக்கு என்ன வியாதி என்று இருவரும் வெகுநேரம் கதைத்தார்கள். பிரதியில் இல்லாத பேச்சு.

கடைசியில் தொடையில் தட்டி, “நோ” என்றார்.

பரமேஸ்வரி சிரிக்கவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்தாள். “உந்தப் பாஷையைக் கேட்டு எவ்வளவு காலமப்பா,” என்றாள். “சுஜாவும் என்னோடை இப்ப டெனிஷ் கதைக்கிறேல்லை. பிள்ளையளுக்கு விளங்காதாம்.”

“வாருமன் வீட்டை.”

“அங்கை வந்து நான் என்ன செய்யிறது? சின்னனுகள் என்னை விடாதுகள். என்னாலையும் அதுகளை விட்டிட்டு இருக்கேலாது.”

“அப்ப நான் இஞ்சையே நிக்கட்டே?”

அவள் காலை மெல்ல இறக்கி வைத்தாள்.

“நிண்டால் நிப்பியள். எனக்குத் தெரியும், ஒரு சொல்லுச் சொல்லமாட்டியள். அந்தச் சோபா மூலையிலை இருந்து றோட்டைப் பாத்துக்கொண்டிருப்பியள். அதை என்னாலை பாக்கேலாது. நீங்கள் போங்கோ.”

அவர் மறுபடியும் லீக்ஸ் வெட்டத் தொடங்கினார். அவள் கோலை ஊன்றி எழுந்து, உண்மையாகவே கோப்பி போட்டாள்.

பரமேஸ்வரி கடைவரை தனியாக நடக்கும் மட்டும் இருந்துவிட்டு மகேந்திரராசா ஹோர்சன்சுக்குத் திரும்பினார். மாரி தொடங்கிய பிறகு ஒடென்சேயிலிருந்து ஒரு நாடகக் குழு கூப்பிட்டது. பிர்கிட்டெ சொல்லியிருக்கிறாள் போலும். நீதிமன்றத்து எழுத்தர் வேடம். பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் அவர் பேசுகிறபடியே பேசலாம் என்றார்கள். ஒத்திகைக்கு ரயிலில் போய்வருகிறார். மதியம் மற்றவர்கள் கூட்டமாக வெளியே போகும்போது, கொண்டுபோன சோற்றை அவர் ஒத்திகை அறையிலேயே சாப்பிடுகிறார். வா என்று கூப்பிட்டார்கள்தான். இரண்டு தரம் மறுத்த பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பரமேஸ்வரி எடுப்பாள். வேறு யாரும் பக்கத்தில் இல்லாவிட்டால் டெனிஷில் தொடங்குவாள். பக்கத்து வீட்டில் என்ன புதினம் என்பாள். இவர் கிரஸ்தனாக ஏதாவது சொல்வார். போன ஞாயிறு அவர் இரண்டு வசனம் சொல்வதற்குள் சின்னவன் எங்கோ விழுந்து அழும் சத்தம் கேட்டது. “பிறகு எடுக்கிறன், நாடகத்தை நல்லாச் செய்யுங்கோ” என்று அவள் வைத்துவிட்டாள்.

அவர் போனை மேசையில் வைத்தார். பிறகு ஒடென்சேப் பிரதியை விரித்து, நீதிபதியின் கேள்விகளையும் சாட்சியின் பதில்களையும் தானே உரக்கப் படித்து, எழுத்தரின் முறை வரும்வரை காத்திருந்தார்.